பேப்பரில் வந்த விலாசம்

குழாயில் தண்ணீர் வந்த அன்று சைனம்பு தண்ணீர் பிடிக்கவில்லை.

காலை ஏழு மணி இருக்கும். குழாய் முதலில் இருமியது. பிறகு வெறும் காற்றைத் துப்பியது. அப்புறம் செங்கல் நிறத்தில் கொஞ்சம் கலங்கல், அதற்கும் பிறகு நல்ல தண்ணீர். பதினைந்து இருபது பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் நான் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் வந்திருந்தேன்.

"மொதக் குடம் சைனம்புக்குத்தேன். அவ இல்லேன்னா இது ஏது?" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

சைனம்பு வந்தாள். குழாயைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி ஒரு தடவை மேலே பார்த்தாள். குடத்தை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அரை மைல் தள்ளியிருந்த ஊருணிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குழாய்க்காக ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டியவள் அவள். எனக்கு முதலில் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய்க் குழப்பம் உட்கார்ந்துகொண்டது. அது எழுந்துபோகப் பல வருஷம் ஆயிற்று.

முன்பக்கமும் பின்பக்கமும்

ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரைக்குடிக்குப் பக்கம், அவ்வளவு போதும். எழுதினால் யாராவது "எங்கள் ஊரில் அப்படி நடக்கவே இல்லை" என்று மறுப்பு அனுப்புவார்கள். மறுப்பு என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

(போன வாரம் நான் கோவிலூர் பஸ்ஸுக்குப் பச்சை நிறம் என்று எழுதியதற்கு ஒரு வாசகர் அது நீலம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஐயா, நீலமாகவே இருக்கட்டும்.)

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. யூனியன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. தங்கியிருந்தது வள்ளியம்மை ஆச்சி வீட்டின் பின்கட்டு அறை ஒன்றில். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரே வீடு, இரண்டு தெரு.

ஆச்சி வீட்டின் முகப்பு நடுத்தெருவில் இருந்தது. பின்வாசல் திறந்த தெருவுக்குப் பெயரே கிடையாது. ஒரு பக்கம் முழுக்கப் பெரிய வீடுகளின் பின்மதில். எதிர்ப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள், முப்பது இருக்கும். கேட்டால் "ஆச்சி வீட்டுக்கு அங்குட்டு" என்பார்கள், "வளவுக்குப் பின்னாடி" என்பார்கள். எவரும் ஒரே பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தபாலும் அப்படித்தான். அந்த ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வரும் கடிதங்களில் எல்லாம், மே/பா. (மேற்பார்வை) இன்னார் வீட்டுப் பின்புறம், நடுத்தெரு என்று இருக்கும். கீழே ஊர், இராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை மாவட்டம் எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது.

சைனம்பு எனக்கு நேர் எதிர்வீடு. என் வயதுதான். புருஷன் பினாங்கில் ஒரு கடையில் இருந்தார், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். இவள் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து மணியாக இருக்கும். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்தத் தெருவில் ஒரு குழாய் நட்டிருந்தார்கள். நான் குடிவந்தபோதே அதில் தண்ணீர் வரவில்லை. கோடையில் ஊருணி தரைதட்டிவிடும். கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றி ஒரு குடம் நிறைய அரைமணி ஆகும். பஞ்சாயத்து போர்டு ஆபீஸில் பல தடவை சொல்லியாயிற்று. வருகிறோம் என்பார்கள், வரமாட்டார்கள்.

பேப்பருக்கு எழுதியது

மதுரையிலிருந்து வரும் நாளிதழ் ஒன்றில் ஊர்க் குறைகளுக்கென்று அரைப் பத்தி ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு வரி வந்துவிட்டால் அதிகாரிகள் அலறியடித்துக்கொண்டு ஓடிவருவார்கள் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். எங்கோ ஒரு ஊரில் பாலமே கட்டிவிட்டார்களாம். எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

எழுதலாம் என்று சொன்னது நான். என் பெயரில் எழுத முடியாது, உத்தியோகத்துக்கு உலை.

"எம்பேரப் போடுங்க டீச்சர். எனக்கென்ன, மிசின வந்து தூக்கிட்டா போயிருவாக?" என்றாள் சைனம்பு.

அச்சில் பெயர் வருவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. ரேடியோவில் பாட்டு விரும்பிக் கேட்டவர்கள் பட்டியலில் தன் பெயர் வாசிக்கப்பட்டது என்பதற்காகத் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். பாட்டு பாதியில் கரகரத்து நின்றுபோனது, அதைப் பற்றி அவர் கவலையே படவில்லை.

பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் முதலில் எழுதிப் பார்த்தேன். பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்தேன். "எங்கள் தெருக் குழாயில் இரண்டு வருடங்களாகத் தண்ணீர் வரவில்லை" என்று தொடங்கி ஆறு வரி. கீழே அவள் பெயரும் விலாசமும். உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

மூன்றாம் வாரம் கடிதம் அச்சில் வந்துவிட்டது. பஸ்ஸில் பேப்பர் வந்ததும் சலூன் கடையில் ஒருவர் உரக்கப் படித்தாராம். நான் மத்தியானம்தான் பார்த்தேன். ஆறு வரி இரண்டு வரியாகியிருந்தது. கீழே தடித்த எழுத்தில்: சைனம்பு பீவி, நடுத்தெரு.

மே/பா. இல்லை. பின்புறம் இல்லை.

பேப்பர்காரர்கள் வெட்டிவிட்டார்களா, அல்லது பிரதி எடுக்கும்போது நானே விட்டுவிட்டேனா? பரீட்சைத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அதில் இருந்தது. நல்ல தாளில் எழுதினேனா என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடி யோசித்தால் எழுதியது போலவும் இருக்கிறது, எழுதாதது போலவும் இருக்கிறது. சைனம்புவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் விலாசத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரை மடித்து மிஷின் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

ஓவர்சியர் வந்தார், பார்த்தார்

நாலாம் நாள் போர்டு ஓவர்சியர் சைக்கிளில் நடுத்தெருவுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நடுத்தெருக் குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் வேட்டியை நனைத்தது. சரியாக முகப்பில் நின்றிருந்த வள்ளியம்மை ஆச்சியிடம் "இங்க தண்ணி வரலைன்னு பேப்பர்ல போட்டிருக்கே" என்று கேட்டார்.

"நல்லாத்தேன தம்பி வருது. ஒரு நாளு நின்டதில்லையே" என்றார் ஆச்சி. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து அதே பத்தியில் மறுப்பு விளக்கம் வந்தது. நேரில் ஆய்வு செய்ததில் நடுத்தெருக் குழாய் நல்ல நிலையில் இருப்பது தெரியவந்தது, சைனம்பு பீவி என்பவர் எழுதிய புகார் உண்மைக்கு மாறானது, இப்படிக்கு நிர்வாக அதிகாரி.

அன்று மாலை சைனம்பு ஊருணிக்குப் போனபோது பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்களாம். முன்தெருவில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த இரண்டு பேர் தைக்காமலே துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டாளாம்.

ஒரு மாதம் ஆயிற்று. பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அங்கே கடையில் யாரோ பேப்பரைக் காட்டியிருக்கிறார்கள். பின்வாசல் படியில் உட்கார்ந்து சைனம்பு எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். பேப்பருக்கெல்லாம் எழுத உனக்கு யார் சொன்னது, பொய் என்று போட்டிருக்கிறார்களாமே, நாலு பேர் நடுவில் நான் எப்படித் தலை நிமிர்வது. அவ்வளவுதான், வழக்கமாகக் கடைசியில் வரும் விசாரிப்புகூட இல்லை.

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தாள்.

"கொழா கெடக்கட்டும் டீச்சர். நான் பொய் சொல்லலன்னு பேப்பர்ல வரணும். அம்புட்டுதேன்."

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும், தப்பு என் கையெழுத்தில் இருந்திருக்கலாம் என்று. சொல்லவில்லை. வகுப்பில் நாற்பது பேரை அதட்டத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பேப்பருக்கு மறுபடி எழுதினேன். பின்புறம் என்று மூன்று இடத்தில் எழுதி, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். வரவில்லை. இன்னொன்று எழுதினேன். அதுவும் வரவில்லை.

முடிந்துபோன ஃபைல்

பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்த ஒரு நாள் இரண்டு பேருமாகப் போர்டு ஆபீஸுக்குப் போனோம். கோந்து வாசனையும் பழைய காகித வாசனையுமாக ஒரு அறை. ஓவர்சியர் நல்ல மாதிரிதான். ஃபைலை எடுத்து எங்களுக்கே காட்டினார். முதல் தாளில் சைனம்புவின் புகாரைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். அடுத்த தாளில் அவருடைய அறிக்கை. மூன்றாவது தாளில் பேப்பரில் வந்த விளக்கத்தைக் கத்தரித்து ஒட்டி, பக்கத்தில் "முடிவுற்றது" என்று கையெழுத்து.

"தண்ணி இன்னும் வரலையே சார்" என்றேன்.

"வருதுன்னு பேப்பர்லயே வந்துடுச்சேம்மா."

"அதை எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"நாங்க எழுதிக் குடுத்தோம். ஆனா அவங்க போட்டுட்டாங்களே" என்றார் அவர்.

பேப்பர் அவர்களை நம்பியது. அவர்கள் பேப்பரை நம்பினார்கள். குழாயைப் போய்ப் பார்க்க யாருக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

சைனம்பு அந்தக் கத்தரித்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க இருக்கிறது பின்பக்கத் தெரு சார்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீங்களே ஒருதரம் வந்து பாருங்க சார். வந்தாத் தெரியும்" என்றாள்.

செருப்பில்லாமல் ஒரு ஆய்வு

ஓவர்சியர் வரவில்லை. சைனம்பு காத்திருந்தாள். வீட்டு வரி விஷயமாக அவர் ஆச்சியைப் பார்க்க வந்த ஒரு நாள், பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து நேராக வளவுக்கே போய்விட்டாள். நானும் பின்னால் போனேன்.

"ஆச்சி, இவுகளக் கொஞ்சம் நம்ம பின்வாசலுக்குக் கூட்டிட்டு வாரீகளா?" என்றாள்.

"எதுக்குத்தா?"

"சும்மா வாங்க. ரெண்டு எட்டுதேன்."

ஆச்சி எழுந்தார். ஓவர்சியர் செருப்பை முகப்பிலேயே கழற்றி வைத்திருந்தார். ஆத்தங்குடிக் கல் பாவிய வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, அடுப்படிப் புகையைத் தாண்டி, நாங்கள் நாலு பேரும் வரிசையாக நடந்தோம். வீடு முடிகிற வழியாகக் காணோம் என்று ஓவர்சியர் முனகினார். ஆச்சி பின்கதவுத் தாழ்ப்பாளை நீக்கினார்.

சித்திரை வெயில். ஓவர்சியர் வெறுங்காலோடு தெருமண்ணில் இறங்கி, சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். எதிரே முப்பது ஓட்டு வீடுகள். நடுவில் துருப்பிடித்த ஒரு குழாய். அதன் வாயில் யாரோ துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

"இது எந்தத் தெரு?" என்று கேட்டார்.

ஆச்சி என்னைப் பார்த்தார். நான் சைனம்புவைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்குப் பின்புறந்தேன்" என்றார் ஆச்சி, ஒரு பேச்சுக்கு.

ஓவர்சியர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். "தெருவுக்குப் பேரு இல்லாம எஸ்டிமேட் போட முடியாதும்மா. நானே ஒண்ணு எழுதிக்கிறேன்" என்றார். பிறகு செருப்பை எடுக்க மறுபடி வீட்டுக்குள் நுழைந்து அவ்வளவு தூரமும் நடந்தார். அந்த நடையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். சைனம்பு அன்று சிரிக்கவில்லை.

தகரப் பலகை

குழாய் மாற்ற இன்னும் ஆறேழு மாதம் ஆயிற்று. தண்ணீர் வரப்போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் ஆச்சி வீட்டுப் பின்மதிலில், குழாய்க்கு நேர் மேலே ஒரு தகரப் பலகையை அடித்துவிட்டுப் போனார்கள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து, பெயிண்ட் வாசனை போகவில்லை. "நடுத்தெரு பின்புறம்."

மறுநாள் காலையில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். சைனம்பு நிமிர்ந்து பார்த்தது அந்தப் பலகையை.

அந்த வாரமே பேப்பரில் "செய்தி எதிரொலி" என்று போட்டார்கள். எங்கள் நாளிதழில் வந்த செய்தியைத் தொடர்ந்து நடுத்தெரு பின்புறத்தில் குடிநீர் வழங்கப்பட்டது, பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர். யார் நன்றி தெரிவித்தது என்று எனக்குத் தெரியாது. சைனம்பு சொன்னது உண்மை என்று ஒரு வரி இருக்கிறதா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இல்லை.

அவள் மாதக்கணக்கில் ஊருணிக்கே போய்வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். விலாசத்தில் அந்த வார்த்தையை விட்டது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள், அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் என்னைக் கண்டால் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நாளில் எனக்கு நெற்குப்பைக்கு மாற்றல் வந்தது. அறையைக் காலி செய்த அன்று எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று நின்றேன். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், வந்துவிட்டேன்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்

ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு மத்தியானம் யாரோ தோளைத் தொட்டார்கள். சைனம்பு.

"என்ன டீச்சர், கண்டும் காணாம போறீக?"

எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "சைனம்பு, அந்த விலாசம். பின்புறம்னு எழுதாம விட்டது நான்தான்னு நினைக்கிறேன். அதனாலதான் உனக்கு அவ்வளவு கெட்ட பேரு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீங்க எழுதித்தேன் இருந்தீக. நாந்தேன் அடிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். உறையை ஒட்டுவதற்கு முன்னால் பிரித்துப் படித்திருக்கிறாள். பேனாவால் அந்த ஒரு வரியை மட்டும் நன்றாக அடித்திருக்கிறாள்.

"மொத மொதல்லா பேப்பர்ல பேரு வரப்போவுது. அதுலயும் நான் இன்னொருத்தக வீட்டுக்குப் பின்பக்கமா டீச்சர்? தபால்லதேன் அப்படி வருது, அச்சுலயாவது தெருப்பேரோட வரட்டுமேன்னு அடிச்சுப்புட்டேன். அது இம்புட்டு தூரம் இழுக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

"அன்னைக்குத் தண்ணி பிடிக்காமப் போனியே?"

"எல்லாரும் ஒன்னாலதேன் வந்துச்சுங்கிறாக. என்னாலதேன் ஒன்றர வருசம் வராம இருந்துச்சுன்னு எனக்குத்தேன தெரியும். நிமிந்து பாத்தா அந்தத் தகரம். நான் அடிச்ச வார்த்தையத் தேடி எடுத்தாந்து தலைக்கு மேல மாட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குக் கீழ குனிய மனசு வரல. ரெண்டுல எதுக்காகப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியாது டீச்சர்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கஷ்டப்பட்டு எழுதியதைக் கெடுத்துவிட்டேன், எந்த முகத்தோடு சொல்வது என்றாள். ஆக, நான் அவளுக்குப் பயந்தும் அவள் எனக்குப் பயந்தும் இத்தனை வருஷத்தை வீணாக்கியிருக்கிறோம். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று அசட்டுத்தனமாகச் சிரித்தோம். என் பிள்ளை பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டது.

பஸ் வந்துவிட்டது. கடிதம் எழுதுகிறேன், இப்போது எப்படி விலாசம் போட வேண்டும் என்று கேட்டேன். என் கைப்பையிலிருந்த நோட்டை வாங்கி அவளே எழுதினாள். சைனம்பு பீவி, நடுத்தெரு. அதற்குமேல் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அந்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். இதுவரை ஒரு கடிதம்கூடத் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டு எழுதியிருந்தேன். அதே மணியான எழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு, பதில் வந்தது. "தாராளமாக எழுதுங்கள் டீச்சர். பேப்பரில் நான் பொய் சொன்னதாக வந்தது. இல்லை என்று இன்னும் வரவில்லை." அவளுடைய புருஷன் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அவரிடம் காட்ட ஒன்றும் வரவேயில்லை என்று கீழே ஒரு வரி.

ஆசிரியர் இடம் போதாமல் வேறு எதை வெட்டினாலும் கடைசி இரண்டு வாக்கியத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வருஷங்களில் நடுத்தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நடுத்தெரு சைனம்பு பீவி எழுதியது உண்மை.